அம்மாவின் ஓம்

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது எங்கள் அம்மாவிடம் இருந்த சொற்களெல்லாம் போய், ஒன்றே ஒன்று மிஞ்சியது. அந்த ஒன்று 'ஓம்'. ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம்.

அதற்கு முதல் அம்மா பெரிய கதைகாரி. வீட்டிலேயே தையல் மெசின் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை தைத்தவர். கால் மெசினை மிதிக்க, வாய் அதைவிட வேகமாக ஓடும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால்கூடக் கதையை நிறுத்தமாட்டார், குரலைத்தான் கூட்டுவார். ஒரு சித்திரை மாதக் காலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே விட்டார். எடுக்கக் குனிந்தவர் எழும்பவில்லை. பாரிசவாதம் என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூன்று கிழமை கழித்து அப்பா தன்னுடைய ஓட்டோவிலேயே அம்மாவை ஆசுபத்திரியிலிருந்து கொண்டுவந்தார். அயலெல்லாம் வாசலில் வந்து நின்றது. "தானா இறங்குவீரோ, நான் பிடிக்கட்டோ?" என்று அப்பா கேட்டார்.

"ஓம்" என்றார் அம்மா. எல்லாருக்கும் பெரிய சந்தோசம்.

வேறு சொல் வராது என்பது இரண்டொரு நாளில் தெரிந்துவிட்டது. எழுதவும் வரவில்லை. நாங்கள் கதைப்பதெல்லாம் விளங்கும், பதில்தான் வராது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் வருகிற சொல் ஓம் என்றால் அதற்கு ஓம் என்றுதானே அர்த்தம்? வேண்டாமென்றால் பேசாமல் இருந்திருப்பாரே? எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். "மீன் வாங்கட்டோ, கத்தரிக்காய் வாங்கட்டோ?" என்று அப்பா கேட்பார். ஓம் என்று பதில் வரும். பாவம் அந்த மனிசன், குசினிக்குள் போய் இரண்டையும் காய்ச்சுவார். நோய் வந்தபிறகு அம்மா நல்ல அமைதியாகிவிட்டார் என்று சனங்கள் புகழ்ந்தன.

பக்கத்து வீட்டு அன்ரி இன்னும் ஒரு படி மேலே போனார். எங்கள் ஊர்ச் சிவன் கோணமலையான்தான் அம்மாவின் வாயில் பிரணவத்தை வைத்துவிட்டார் என்பது அவருடைய முடிவு. திருநீற்றுடன் வந்து அம்மா இருந்த கதிரைக்கு முன்னால் கைகூப்பி நின்று, மகளுக்கு வந்த சம்பந்தம் சரிவருமா என்று கேட்டார். ஓம். சொல்லிவைத்தாற்போல் அந்தச் சம்பந்தம் சரிவந்துவிட்டது. அதற்குப் பிறகு மகனுக்குக் கட்டார் விசா கிடைக்குமா என்று கேட்கவும், காணாமல்போன மோதிரம் அகப்படுமா என்று கேட்கவும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். அம்மா ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

வந்தவர்கள் போகும்போது மட்டும் வேறொரு சொல் சொல்லுவார்கள். "பாவம், அவவுக்கு ஏலாது." சமைக்க ஏலாது, தைக்க ஏலாது, நடக்க ஏலாது. அம்மாவுக்கு முன்னால், அம்மாவின் தலைக்கு மேலால் சொல்லுவார்கள். அப்பாவுக்கு அது பிடிக்காது. ஒருநாள் எல்லாரும் போனபிறகு என்னைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். "பிள்ளை, இனி எதெண்டாலும் அம்மாட்டத்தான் கேக்கோணும். இந்த வீட்டில அவ சொல்லுறதுதான் முடிவு."

இதைவிட நல்ல சட்டம் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கிடைக்குமா?

நான் கேட்டேன். ஒழுங்காக, மரியாதையாக, எல்லாவற்றையும் கேட்டேன். "அம்மா, இண்டைக்கு ரியூசனுக்குப் போகாம நிக்கட்டோ?" ஓம். "ஐஸ்பழம் வாங்கட்டோ?" ஓம். "கடற்கரைக்குப் போய் விளையாடட்டோ?" ஓம். அப்பா வந்து விசாரித்தால், "அம்மாட்டக் கேட்டனான், ஓமெண்டவ" என்பேன். அதற்குமேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒருமுறை பள்ளிக்கூடப் பையில் வைத்திருந்த சாப்பாட்டைப் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மான்களுக்குக் கொடுத்துவிட்டு வந்து, அதற்கும் அம்மாவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியதாகச் சொன்னேன். அது உண்மைதான். வாங்கியிருந்தேன்.

என்னிடம் ஒரு இரகசியம் இருந்தது. அம்மாவின் ஓம் இரண்டு வகை என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணி வேணுமோ என்றால் வருகிற ஓமுக்கு அவருடைய இடது கை மடியில் விரிந்தபடி கிடக்கும். ரியூசனுக்குப் போகாமல் நிற்கட்டோ என்றால் வருகிற ஓமுக்கு அந்தக் கை சட்டைத் துணியைப் பிடித்துக் கசக்கும். வாய் ஓம் என்னும், கை துணியை முறுக்கும். முதல்முறை கண்டபோது எனக்குத் திக்கென்றது. இரண்டாம்முறை நான் கையைப் பார்க்காமல் கேட்கப் பழகிக்கொண்டேன். பிறகு அது சுகமாகவே இருந்தது.

அந்த நேரம் நான் பெரிய அனுமதி ஒன்றையும் வாங்கி வைத்திருந்தேன். சல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்கு, என்னோடு படிக்கிற பிள்ளைகளுடன், பெரியவர்கள் யாருமில்லாமல், சைக்கிளில் போய்வருவது. அம்மாவின் கை அன்று எப்படிக் கசக்கியிருக்கும் என்று நான் பார்க்கவில்லை.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது தம்பலகாமத்திலிருந்து மூத்த மாமா வந்தார். அம்மாவின் தமையன். வயல் செய்கிறவர், நல்ல மனிசன், தங்கச்சி என்றால் உயிர். அப்பா நின்ற கோலத்தைப் பார்த்தார். விடிய எழும்பி அம்மாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய், மத்தியானம் ஓடிவந்து மறுபடி தீத்தி, பின்னேரம் அம்மாவின் காலைப் பிடித்துப் பயிற்சி செய்வித்து, அப்பா அரைவாசியாகப் போயிருந்தார். "மச்சான், இப்பிடியே போனா நீங்களும் விழுந்திடுவீங்கள். நான் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போறன். மாமி வீட்டிலதானே நிக்கிறா, பாத்துக்கொள்ளுவா" என்றார் மாமா. மாமி என்றது தன்னுடைய மனைவியை. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "என்ன தங்கச்சி, எங்களோட வாறியா?"

"ஓம்."

நான் கதவோரம் நின்றேன். இந்தமுறை கையைப் பார்த்தேன். துணி முழங்காலுக்கு மேலே சுருண்டு போயிருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு உடனே விளங்கியது. அம்மாவின் ஓம் ஓமில்லை என்றால், என்னுடைய ஐஸ்பழமும் ரியூசனும் எல்லாம் வெளியில் வரும், சல்லித் திருவிழாவும் போய்விடும். அதோடு, "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று மாமா வேறு சொன்னார். கொஞ்ச நாள் என்றால் திருவிழா முடிய அம்மா வந்துவிடுவார் என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அப்பா உடனே சம்மதிக்கவில்லை. அடுத்தநாள் பின்னேரம் அம்மாவுக்குத் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். பின்னல் அவருக்கு வடிவாக வராது, ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும். நான் பக்கத்தில் கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கதிரைக்குப் பின்னால் நின்றபடி மெதுவாகக் கேட்டார்.

"நான் உம்மை வடிவாப் பாக்கேல்லையோ? அதாலதான் போகோணும் எண்டு நினைக்கிறீரோ?"

"ஓம்" என்றார் அம்மா.

அப்பா பின்னலை முடித்து றிபன் கட்டினார். சீப்பைக் கழுவி அதன் இடத்தில் வைத்தார். பிறகு வெளியே போய் மாமாவுக்கு ரெலிபோன் எடுத்து, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அவர் நின்ற இடத்திலிருந்து அம்மாவின் கை துணியை முறுக்கியது தெரியாது. எனக்குத் தெரிந்தது. அப்பாவின் முகம் ஏன் அப்படிப் போனது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வான் வந்தது. மாமாவும் மாமியும் வந்தார்கள். அம்மாவின் உடுப்புகள், மருந்துகள், படுக்கை விரிப்பு எல்லாம் ஏறின. நான் ஓடியாடி உதவி செய்தேன். அதற்குப் பிறகு மாமாவும் வான்காரரும் உள்ளே போய்த் தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அங்கே மாமி பழகட்டும், சும்மா கிடந்து துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்றார் மாமா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொஞ்ச நாளைக்குப் போகிற ஆளுக்குப் பின்னால் மெசின் போகாது. அம்மா கதிரையில் இருந்தபடி மெசின் வாசலைத் தாண்டுவதைப் பார்த்தார். கண்ணீர் ஓடியது. ஆனால் அம்மா அந்த நாட்களில் சிரிப்புக்கும் அழுவார், அழுகைக்கும் அழுவார், அதனால் கண்ணீரை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. கை சட்டையை முறுக்கிய முறுக்கில் ஓரத் தையல் விட்டுப்போயிற்று. அவரே தைத்த சட்டை.

சல்லியாவது திருவிழாவாவது. நான் எல்லாருக்கும் நடுவில் போய் அம்மாவுக்கு முன்னால் நின்று, எனக்குத் தெரிந்த கேள்விகளிலேயே மோசமான கேள்வியைக் கத்திக் கேட்டேன்.

"அம்மா, நான் ஜெற்றியில இருந்து கடலுக்குள்ள குதிக்கட்டோ? எனக்கு நீந்தத் தெரியாது!"

"ஓம்" என்றார் அம்மா.

மாமி "ஐயோ!" என்று வாயைப் பொத்தினார். மாமா மெசினின் ஒரு பக்கத்தைக் கீழே வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "கையைப் பாருங்கோ! வாயைப் பாக்காதையுங்கோ, கையைப் பாருங்கோ! அவ ஓமெண்டா ஓமில்லை. எனக்குத் தெரியும். எனக்கு எல்லாம் தெரியும்" என்று கத்தி, ஐஸ்பழம், ரியூசன், கடற்கரை, மான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் குந்தினார். "தம்பலகாமத்துக்குப் போறீரோ?" என்று கேட்டார். ஓம். கை முறுக்கியது. "இஞ்சயே எங்களோட இருக்கப்போறீரோ?" ஓம். விரல் ஒவ்வொன்றாக விட்டு, கை மடியில் விரிந்தது. மாமாவும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அதே பதில்தான். வான்காரரைக் கூப்பிட்டு மெசினை மறுபடி உள்ளே தூக்கினார்.

அப்பா எழும்பவில்லை. "அப்ப நான் அண்டைக்குக் கேட்டதுக்கும்..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு அம்மாவின் காதுக்குக் கிட்டப் போய் மிக மெதுவாக எதையோ கேட்டார். அம்மா ஓம் என்றார். கை விரியவுமில்லை, கசக்கவுமில்லை. அப்பாவின் சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டது.

அந்த வருசம் நான் சல்லிக்குப் போகவில்லை. கேட்கவும் துணியவில்லை. வீட்டில் சட்டம் மாறிவிட்டது. எந்தக் கேள்வியையும் இரண்டுமுறை, நேராக ஒருமுறையும் மறுத்து ஒருமுறையும் கேட்டு, கையைப் பார்க்கவேண்டும். கறி ஒன்றாகக் குறைந்தது. பக்கத்து வீட்டு அன்ரிக்கு மட்டும் அப்பா இதைச் சொல்லவில்லை, நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார். மாமி பத்து நாளைக்கு ஒருக்கால் வந்து நின்று போனார், அந்த நாட்களில் அப்பா மத்தியானம் ஓடிவரத் தேவையில்லை. ஆசுபத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற மிஸ் ஒருவர் இருந்தார். அப்பா கை விசயத்தைச் சொன்னதும் அவர் மிகவும் சந்தோசப்பட்டு, படங்கள் ஒட்டிய மட்டை ஒன்றும் பயிற்சிக்கு ஒரு சொல் வரிசையும் தந்தார். தண்ணி, சோறு, கை, கால். நாங்கள் மூன்று பேரும் ஒவ்வொரு பின்னேரமும் சொல்லிப் பழகினோம். நானும் அப்பாவும் நன்றாகச் சொன்னோம். அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

அடுத்த வருசத் திருவிழா வந்தது. எனக்குப் பத்து வயதாகியிருந்தது. துணிவை வரவழைத்துக்கொண்டு அம்மாவின் கதிரைக்கு முன்னால் போய் நின்றேன். அப்பா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் சல்லிக்குத் தனியப் போகட்டோ? சைக்கிளில?"

அம்மாவின் வாய் திறந்தது. வழக்கமான சொல் வரவில்லை. உதடு கோணியது, நாக்கு எங்கேயோ தட்டுப்பட்டது, கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குப் பயமாயிருந்தது.

"ஏ..." என்றார் அம்மா. "ஏலா... ஏலாது."

குசினியில் துருவலை விழுந்த சத்தம் கேட்டது. அப்பா கையெல்லாம் தேங்காய்ப்பூவோடு ஓடிவந்தார். "என்ன சொன்னீர்? என்ன சொன்னீர்?" அம்மா திரும்பவும் சொன்னார். அப்பா வாசலுக்கு ஓடி, "ஏலாதாம்! அவ ஏலாதெண்டிட்டா!" என்று ஒழுங்கையின் கடைசி வீடு வரைக்கும் கேட்கக் கத்தினார். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அன்ரி அழுதுகொண்டு ஓடிவந்தார். அப்பாவும் அழுதார், சிரித்தார், மாமாவுக்கு ரெலிபோன் எடுத்தார், ஐஸ்பழக்காரரை மறித்து, அங்கே நின்ற பிள்ளைகள் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வருசம் காத்திருந்து கேட்ட ஒரே ஒரு விசயத்தை மறுத்துவிட்டு, ஊரைக் கூட்டிக் கொண்டாடுகிறார்களே என்று வாசற்படியில் இருந்து விக்கி விக்கி அழுதேன். ஐஸ்பழம் உருகிக் கையால் வழிந்தது. அம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்து என்னைப் பார்த்தார். யாரும் ஒன்றும் கேட்காமலே, புதுச்சட்டையைப் போட்டுப் பார்க்கிற பிள்ளை மாதிரி, இன்னொருமுறை சொன்னார்.

"ஏலாது."

பழக்கதோசத்தில் நான் கையைப் பார்த்தேன். அது சட்டையைத் தொடவில்லை. தேத்தண்ணிக்கு ஓம் சொல்லும்போது கிடப்பதுபோல, மடியில் விரிந்து சும்மா கிடந்தது. கை தவறாகக் காட்டுகிறது என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் பலமாக அழுதேன்.