ராஜிக்குக் கொடுத்த சிவப்பு வண்டி

ராஜி போய்விட்டாள். நேற்று மதியம் செங்கல்பட்டில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களாம். வழியிலேயே முடிந்துவிட்டது...

இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு அவளைத் தெரியாது. தொண்ணூறுகளில் ஸ்டேஷன் பக்கம் எஸ்.டி.டி. பேசியவர்களுக்குத் தெரியும். ஊனமுற்றோர் என்று அவளுக்கு ஒதுக்கிய பூத் அது. பகலில் அவள், சாயங்காலம் நான்.

போலியோவில் எனக்கு ஒரு கால் போனது. அவளுக்கு இரண்டும். மாற்றுத்திறனாளி என்பதெல்லாம் பிறகு எங்களுக்குக் கிடைத்த பிரமோஷன். சம்பளம் ஏறாத பிரமோஷன்.

பாவம் பார்க்கிறவர்களை அவளுக்கு ஆகவே ஆகாது. ஒருத்தர் லைன் கிடைத்த பிறகும் பேசாமல், கண்ணாடிக் கதவைத் திறந்து "காலுக்கு இன்னாமா ஆச்சு?" என்று உச்சுக் கொட்டினார்.

"காலு கெடக்குது சார். மீட்டரு ஓடிகினு கீது, அத்த பாரு."

மனிதர் பதறிப்போய் போனையே வைத்துவிட்டார். இவளே சிரித்துக்கொண்டு மறுபடி போட்டுக் கொடுத்தாள்.

அவளிடம் இருந்தது கையால் பெடல் சுற்றும் மூன்று சக்கர வண்டி. அவள் அப்பா சைக்கிள் கடையில் சொல்லிச் செய்தது. வீட்டிலிருந்து பூத்துக்கு வரும் வழியில் ரயில்வே பாலத்து மேடு. அதை மட்டும் கையால் ஏற முடியாது.

அடியில் நின்று, போகிற வருகிறவர்களைக் கேட்க வேண்டும். "கொஞ்சம் தள்ளி வுடுங்க..." தினமும். மழையிலும். தள்ளுகிற சாக்கில் தோளில் கை போட்டவர்களும் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்க மாட்டாள்.

"அந்த மேட்ட நானே ஏறிட்டா போதும்பா. வேற ஒன்னும் வாணாம் எனக்கு."

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், மாமல்லபுரத்தில் கடலோரமாக ஒரு ரிசார்ட்டில் கண்காட்சி. ஊனமுற்றோருக்காக உலகமெங்கும் கண்டுபிடித்த கருவிகளாம். ஒரு சேவைச் சங்கம் நடத்தியது. பேர் வேண்டாம். எங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பேசுகிற கடிகாரம், பள்ளம் வந்தால் கத்துகிற கைத்தடி... எல்லாம் இருந்தது. படி ஏறுகிற சக்கர நாற்காலியை மாடியில் காட்டினார்கள். நாங்கள் கீழே இருந்தோம். மாடிக்குப் படிதான் இருந்தது.

புல்தரையில் ஒரு சிவப்பு பேட்டரி வண்டி நின்றது. ராஜியைத் தூக்கி உட்கார வைத்து, ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள்.

முதலில் கேட்டில் போய் உரசினாள். மட்கார்டில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. அப்புறம் கடற்கரையிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற சரிவில் விட்டாள் பாருங்கள்... மேலே போய் நின்றுகொண்டு அங்கிருந்தே கத்தினாள்.

"யாரும் தள்ளலபா! நானே வந்துகினேன்!"

அந்தக் குரலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

வண்டி அவளுக்கே என்று மைக்கில் அறிவித்து, மேடையில் பிளைவுட்டில் செய்த ஆளுயரச் சாவியை அவள் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். கைதட்டல். பிறகு வண்டியை டெம்போவில் ஏற்றிவிட்டார்கள். "சர்வீஸ் பண்ணி வூட்டுக்கே அனுப்பறோம்மா" என்றார்கள்.

நம்பினாள். வாசலில் சார்ஜ் போட பிளக் பாயின்ட் வைத்தாள். வண்டி நனையாமல் நிற்க ஓலைக் கூரை இறக்கினாள். மாசக்கணக்கில் காத்திருந்தாள். போன் செய்தால் ஸ்பேர் வரவில்லை என்பார்கள், பிறகு தலைவர் ஊரில் இல்லை என்பார்கள்.

ஒருநாள் மதுராந்தகத்தில் விழா என்று மறுபடி வேன் வந்தது. இன்றைக்கு வண்டி கிடைத்துவிடும் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

'ஏற்கெனவே பயன் பெற்றவர்' என்று முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் அதே சிவப்பு வண்டி. மட்கார்டில் அதே கோடு. அதில் வேறு ஒரு பெண், கையில் பெரிய சாவி.

அவர்களிடம் இருந்தது ஒரே வண்டிதான். ஊர் ஊராகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கத்த எழுந்தேன். ராஜி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். போட்டோ முடிந்து வண்டியைக் கீழே இறக்கியதும், தன்னை அந்தப் பெண் பக்கத்தில் கொண்டு போய் விடச் சொன்னாள் என்னிடம்.

"ஆச தீர ஓட்டிக்கம்மா. எறங்கிடாத. எறங்கினா டெம்போல ஏத்திகினு பூடுவாங்க."

அந்தப் பெண் ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள்.

பிறகு செல்போன் வந்தது. உலகத்துக்கே வசதி. எங்கள் பூத்துக்கு ஆள் வருவது நின்றது. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அவள் அங்கேயே ரீசார்ஜ் கார்டு விற்றாள். அதே மேடு. அதே "தள்ளி வுடுங்க".

நேற்று அந்தச் சங்கத்தின் இப்போதைய செயலாளர் வந்திருந்தார். இளவயசு. நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். அவர்கள் ஆபீஸ் சுவரில் ராஜியின் மாமல்லபுரம் போட்டோ இன்னும் மாட்டியிருக்கிறதாம். வந்தவர் கையில் இரண்டு மாலை.

ஒன்றை அவளுக்குப் போட்டார். பிறகு அவள் தம்பியிடம் மெதுவாகக் கேட்டார். "நாங்க குடுத்த வண்டி எங்க நிக்குது தம்பி? அதுக்கும் ஒரு மாலை கொண்டாந்தோம்."

தம்பி அழுதுகொண்டிருந்தான். அவருக்கு என்ன புரிந்ததோ, வாசலில் நின்ற கைப்பெடல் வண்டியைப் பார்த்தார். மாலையைப் போட்டார். போட்டோ எடுத்துக்கொண்டார்.

'நாங்கள் வழங்கிய வாகனம் கடைசி வரை அவருடன்' என்று காலையிலிருந்து நீங்கள் எல்லோரும் ஷேர் செய்கிற போட்டோ அதுதான்.

அது அவள் அப்பா செய்து கொடுத்த வண்டி. ஷேர் செய்தவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

தூங்கு ராஜி... கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.