ஒரே சேனலில் இரண்டு கோடுகள்

கலாவதி அக்கா போய்விட்டார் என்ற செய்தி நம் ஷிப்யார்ட் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். மீன் கைக்கு வருவதற்குள் நாற்பது பேர் கும்பிடும் கையைப் போட்டுவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்று எழுதினார் நம் மேலாளர். குடும்பமாம்! துவாஸ் ஷிப்யார்டில் வாக்கிடாக்கி பழுதுபார்த்தவரை மூலைக் கிடங்குக்குத் தள்ளியபோது அந்தக் குடும்பம் எங்கே போயிருந்தது?

அவருடைய வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். பட்டனை அழுத்துமுன் இரண்டு மூச்சு காத்திருந்து, வேறு யாரும் பேசவில்லை என்று தெரிந்த பிறகே பேசுவார். "ஒரே சேனல்ல ரெண்டு பேர் பேசினா கிட்ட இருக்கறவன் குரல்தான் கேட்கும். தூரத்துல இருக்கறவன் கத்தினாலும் கேட்காது" என்பார். நாம் கேலி செய்தோம்.

கிரேன் இறக்கிய குழாய்கள் மோதிச் சாரம் சரிந்த நாளையும் மறந்திருக்க மாட்டீர்கள். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. வாக்கிடாக்கியில் கிரேனை நிறுத்தச் சொன்னேன் என்று சத்தியம் செய்தான் சிக்னல்மேன் முருகேசன். சாப்பாடு வந்துவிட்டதா என்று ஒரு குரல் கேட்டதுதான் தன் காதில் விழுந்தது என்றார் கிரேன் ஓட்டுநர். இரைச்சலில் அது யார் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படிக் கேட்டது முருகேசன்தான் என்று மேலிடம் முடிவுகட்டியது.

சேனலில் ஓடுவதையெல்லாம், குரலாக அல்ல, அலைகளின் கோடுகளாகப் பதிவு செய்து வைப்பவர் அக்கா. எந்த வாக்கிடாக்கியின் அலையும் சேனலின் நட்டநடுவில் நிற்காது, மயிரிழை தள்ளித்தான் நிற்கும். எது எவ்வளவு தள்ளும் என்பது அவருக்கு மனப்பாடம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்த நாளின் பதிவை ஒரு தாளில் காட்டினார். ஒரே நொடியில் இரண்டு கோடுகள். பலம் குறைந்த குட்டையானது முருகேசனுடையது.

"நெட்டையா நிக்குதே, அது உன் செட் தம்பி. நீயே சொல்லிடு லா. அந்தப் பையன் பொழைச்சுப்பான்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சூப்பர்வைசர் வேலை போய்விடும் என்ற பயம். அந்த வாரமே முருகேசனின் வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பினார்கள். அக்கா தாளோடு மேலாளரிடம் போனார். கோடெல்லாம் சாட்சியா என்று சிரித்துவிட்டு அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

சில வருஷம் கழித்துக் கம்பெனி பஸ்ஸில் ஒருமுறை என்னோடு பேசினார். "ரெண்டு மூச்சு காத்திருன்னுதான் சொன்னேன். வருஷக்கணக்கா இல்ல." அந்தத் தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டு தோ பாயோவில் இறங்கிப் போனார்.

அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அவரைப் புகழ எனக்கு யோக்கியதை இல்லை. உங்களில் யாரிடமாவது முருகேசனின் நம்பர் இருந்தால் கொடுங்கள். சாப்பாடு வந்துவிட்டதா என்று கேட்டவன் நான். அவன் நிறுத்தச் சொன்னான்.