கடலைப் பார்த்த வாசல்கள்

நாற்பத்தொரு வீடுகளைக் கொட்டகைகள் என்று எழுதியவள் நான்தான். எழுதும்போது தெரியாது. தெரிந்த பிறகும் திருத்தவில்லை. என் குற்றம் அந்த இரண்டாவது.

இராயபுரத்து மாதா கோவிலில் மாதந்தோறும் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். பாவங்களை வரிசை எண் போட்டு மனப்பாடம் செய்துகொண்டு போவேன். இது அந்த வரிசையில் ஒருமுறைகூட வந்ததில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்... ஏன் உங்களிடம்? நீங்கள் எனக்கு மன்னிப்புத் தர முடியாது. அதனால்தானோ என்னவோ!

படம் வரையவும் நிலம் அளக்கவும் படித்துவிட்டு, வடக்கே ஒரு சிற்றூர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் பெயர் வேண்டாம். தெற்கே மாநகராட்சியின் எல்லைக்கல், கிழக்கே கடல். பஞ்சாயத்து போர்டாக இருந்த எங்கள் ஊர் நகரசபையாக உயரவிருந்தது. அதற்கு வார்டு பிரிக்க வேண்டும், வார்டு பிரிக்க வீடுகளின் பட்டியல் வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது.

விதி எளிது. தெருவைப் பார்த்து வாசல் இருந்தால் வீடு; கதவு எண் உண்டு. வாசல் இல்லாதது கொட்டகை, எண் கிடையாது. எத்தனை எண்களோ அதற்கேற்பத் தெருக்குழாய்.

கடலோர மீனவர் குப்பத்துக்கு நான் போனது நண்பகலில். கருவாட்டு நாற்றம், சுடுமணல், கால் வலி. சாலையில் நின்றபடியே எண்ணினேன். வரிசையாக ஓலைத் தட்டிகள், ஒரு கதவுகூட இல்லை. ‘வலைக் கொட்டகைகள், 41’ என்று எழுதிவிட்டு நடந்தேன்.

இருபதடி சுற்றிப் போயிருந்தால் போதும்! கட்டுமரம் திரும்புவதைப் பார்ப்பதற்காக அவர்கள் வாசலைக் கடல் பக்கம் வைப்பார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கோலம் இருந்திருக்கும்.

எனக்கு அதைத் தெரிவித்தவள் கன்னியம்மா. எங்கள் அலுவலக வாசலில் மீன் விற்பவள்.

“இன்னா பேனாக்காரம்மா, ஊரெல்லாம் நம்பர் தகடு அடிச்சிகினு வரானுங்க, எங்க பக்கம் காணோம். கேட்டா, உங்களுது கொட்டாய்ன்றான் பில் கலெக்டரு. அப்ப உள்ள குறட்டை வுட்டுகினு கீற எங்க நைனா இன்னா, வலையா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் தனியாகப் போய்ப் பார்த்தேன். நாற்பத்தொரு வாசல்கள். கன்னியம்மாவின் வாசலில் அவள் மகள் செல்வி, நான்கு வயது, சிப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

திருத்தத்தான் திரும்பினேன். நம்புங்கள்... அல்லது நம்பாதீர்கள். அறைக்குள் எஞ்சினீயர் என் படத்தைத் தலைவரிடம் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். “பொம்பளைப் பொண்ணு எதுக்குன்னீங்களே சார், பாருங்க! ஒரு பிழை காட்டுங்க பார்ப்போம்.”

ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. நான் பேனாவைத் துடைத்தேன். படமும் பட்டியலும் அன்று மாலையே மேலிடத்துக்குப் போயின.

நகரசபை வந்தது. குழாய்கள் வந்தன, குப்பத்துக்கு ஒன்றுமில்லை. அவர்கள் பழைய கிணற்றிலேயே இறைத்தார்கள். அந்தக் கோடையில் வாந்திபேதி வந்தது. செல்வி இரண்டு நாளில் போய்விட்டாள்.

மரணப் பதிவேட்டுடன் குமாஸ்தா என் மேசைக்கு வந்தார். “மிஸ், கதவு எண் கேக்குது. உங்க பட்டியல்ல அது கொட்டகை. கொட்டகையில கொழந்தை எப்படி மிஸ் செத்துச்சி? இன்னா எழுதட்டும்?”

“கோடு போட்டுடுங்க” என்றேன்.

எவ்வளவு நிதானமான குரல்! இன்றும் அதுதான் என்னைக் களைப்படையச் செய்கிறது.

அடுத்த ஆண்டு பட்டியலைத் திருத்தும்போது அந்த நாற்பத்தொன்றையும் சேர்த்தேன். பிழை என்று எழுதினால் யார் பிழை என்று கேட்பார்கள். அதனால் ‘புதிதாகக் கட்டப்பட்டவை’ என்று எழுதினேன். எண்கள் கிடைத்தன. குழாயும் வந்தது. எங்கள் பதிவேட்டின்படி செல்வி இறந்து ஓராண்டு கழித்துத்தான் அவள் வீடு கட்டப்பட்டிருக்கிறது.

தண்ணீர் வந்த அன்று கன்னியம்மா இரண்டு வஞ்சிரத் துண்டுகளை இலையில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

“துட்டு வேணாம். நீதான் எங்க பேரை எழுதினியாமே, குமாஸ்தா சொன்னாரு. முன்னாடியே நீ வந்து எழுதியிருந்தீன்னா என் பொண்ணு இருந்திருக்கும்மா...”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினாள். ஒரு கை பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.

மீனை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா குழம்பு வைத்தாள். சாப்பிட்டேன்.