அரை அங்குலமும் ஒன்பது தோசையும்

போன மாதம் மருத்துவரிடம் போய், வேளைக்கு மூன்று கரண்டிச் சோறுகூட இறங்குவதில்லை என்று முறையிட்டேன். எண்ணிப் பார்த்துத்தான் சொன்னேன். பேச்சுவாக்கில் அவர், ஆய்வகத்தில் செய்யும் பெப்டைடுகளைப் பற்றிச் சொன்னார். சில அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சரம். உடம்புக்குள் போனதும் மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியைத் தூண்டி, வளர்ச்சி ஹார்மோனை விடச் செய்யுமாம். சில வகை பசியையும் கிளப்புமாம். உங்களுக்கு அது தேவையில்லை என்றார். எனக்கு அந்தச் சேர்க்கைதான் மண்டையைக் குடைந்தது. பசியும் உயரமும் ஒரே கயிற்றிலா? அப்படியானால் இளவயதில் உயரமாவதற்கு நான் குடித்த டானிக் ஏன் பாதி வேலையோடு நின்றது?

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டு அது. பள்ளி முடித்துவிட்டு டவுனில், காஜா பெராங்கில், அண்ணன் வீட்டில் இருந்தேன். தீயணைப்பு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஐந்தடி நான்கு அங்குலம் வேண்டும். எனக்கு அரை அங்குலம் குறைவு. கிடைக்காவிட்டால் தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கப் போகவேண்டும் என்று அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார். டவுனை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

மருந்துக்கடையில் வளர்ச்சி டானிக் என்று ஒரு புட்டி கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு முன் இரண்டு கரண்டி. நான்கு தோசை ஒன்பதாயிற்று.

"மேல போக வேண்டியது பக்கவாட்டுல போகுது லா, தம்பி," என்றார் அண்ணி. "உனக்கு மாவாட்டியே நான் குள்ளமாயிருவேன்."

டானிக்குக்கு முந்திய மாலை, சமையலறை நிலைக்காலில் முதல் கோடு போட்டிருந்தேன். மறுநாள் காலை அளந்தால் அரை அங்குலம் கூடியிருந்தது! அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று மாலை அளந்தேன். பழைய கோடேதான். அதன்பின் அறுபத்தோரு நாள் இரு வேளையும் அளந்தேன். காலையில் அரை அங்குலம் கூடுதல், மாலையில் பழைய கோடு; ஒரு நாளும் மாறவில்லை. டானிக்குக்கு இதில் பங்கில்லை. படுத்தால் நீள்கிறேன், நடமாடினால் சுருங்குகிறேன்.

உயரம் பார்ப்பது டவுன் திடலில், பிற்பகல் இரண்டு மணிக்கு. அதுவரை படுத்தே இருப்பதென்று தீர்மானித்தேன். பக்கத்து வீட்டு மாட்டுவண்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டி வம்சத்தவர். வீட்டில் மலாய்தான் பேசுவார். உஜோங் பாசிருக்கு வைக்கோல் ஏற்றிப் போனவர், வழியில் திடலில் இறக்கிவிடுகிறேன் என்றார். வைக்கோலில் மல்லாந்து படுத்துக்கொண்டேன்.

ஒரு கடை வாசலில் யாரோ கேட்டார்: "சுடா மாத்தி கா?" செத்துவிட்டானா என்று.

"பெலும்," என்றார் வண்டிக்காரர், இன்னும் இல்லை என்று. "மாவு திங்கி." உயரமாக வேண்டுமாம். கடையே சிரித்தது. நான் தலையைத் தூக்கவில்லை.

திடலில் ஒரு மரத்தடியில் படுத்தேன். காலையில் டானிக்கைத் தவிர்த்திருக்கலாம். அறுபத்தோரு நாளில் ஒரு வேளையும் தவறாதவன் அன்று மட்டும் எப்படி விடுவேன்? ஒரு மணிக்குப் பசி வயிற்றைப் பிறாண்டியது. எதிரே பீசாங் கோரேங் கடை; எண்ணெயில் வாழைப்பழம் பொரியும் வாசனை. எழுந்துவிட்டேன். கடையில் கால் மணி நேரம் நின்று, ஏழு துண்டு தின்றேன். பிறகு உயரம் பார்க்கும் வரிசையில் ஒன்றே கால் மணி நேரம் நின்றேன்.

அளந்த தமிழர், "அஞ்சடி மூணே முக்கால்," என்றார்.

"காலையில அளந்தா சரியா நாலு வரும், சார்."

"நெருப்பு காலையில மட்டுமா தம்பி பிடிக்குது?"

அன்று நடந்தே வீடு திரும்பினேன். இனிச் சுருங்கினால் என்ன?

அண்ணன் தோட்டத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அண்ணி தட்டை வைத்தார். பதினொரு தோசை இருந்தது. தப்பாக எண்ணிவிட்டீர்கள் என்றேன்.

"எண்ணித்தான் சுட்டேன். தின்னு," என்றார். "தோட்டத்துல உனக்கு யாரு சுட்டுத் தருவா?"