எந்த அக்கா வருவது?

பெரிய கட்டில் விரிப்பைத் தனியாளாக மடிக்க முடியாது. இரண்டு மூலைகளைக் கையில் பிடித்தால் மற்ற இரண்டும் தரையைக் கூட்டும். தென் லண்டனில், மிச்சம் என்னும் பகுதியின் ட்ராம் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த சலவைக்கூடத்தில் மூன்று வருடம் நான் ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையைப் பிடித்தவர் எக்குவடோர் நாட்டு அக்கா. மற்ற எல்லோரும் யாழ்ப்பாணத்தார். எங்களில் பலர் சுவிஸில் இருந்துவிட்டு வந்ததுபோல அவர் ஸ்பெயினில் இருந்துவிட்டு வந்தவர். எங்களிடம் 'ஓம்', 'கெதியா', 'ஏலாது' என்று பழகத் தொடங்கி, பிறகு அந்தத் தமிழிலேயே முதலாளியோடு சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கூடத்தில் யாருக்குக் கவுன்சில் கடிதம், பெனிபிட் என்ற அரச உதவிப்பணக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். "தம்பி படிச்சவன், அவனிட்டைக் குடுங்கோ" என்பார்கள். எக்குவடோர் அக்கா மட்டும் ஒருநாளும் கடிதம் கொண்டுவந்ததில்லை. அவர் கொண்டுவந்தது கதை. விரிப்பின் முனைகளோடு ஒருவரை நோக்கி ஒருவர் நடப்போம்; கைகள் தொடும் இடத்தில் கதை நிற்கும்; அடுத்த விரிப்பில் தொடரும்.

அவருடைய தாயார் மலைக் கிராமத்தில் வைத்தியம் பார்ப்பவர். காய்ச்சல்காரரின் உடம்பில் முட்டையை உருட்டி, தண்ணீரில் உடைத்து நோயைப் படிப்பாராம். எங்கள் வீட்டில் செத்தல் மிளகாய் சுற்றிப் போடுவதை நான் சொன்னபோது, "பாத்தியா, எங்கடை அம்மாவும் உங்கடை அம்மாவும் ஒரே பள்ளிக்கூடம்" என்று சிரித்தார். எனக்குப் பிடித்தது வாய்க்காலில் விழுந்த சிறுமியின் கதை. தூக்கி எடுத்த பிறகும் அவள் பேசவில்லை, உண்ணவில்லை. வெருண்ட இடத்திலேயே உயிரில் பாதி நின்றுவிட்டது என்றாராம் தாயார். அவள் விழுந்ததைக் கண்டவன் ஒரு மாட்டுக்காரன்; கண்டவர்தான் உயிரைத் திரும்பக் கூப்பிட வேண்டுமாம். அவனை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போய், அவளுடைய சட்டையை நீரில் அடித்து அடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட வைத்தார். பொழுது சாயும்போது சிறுமி பசிக்கிறது என்றாள்.

அந்தத் தாயார் இறந்த செய்தி மடிப்பு மேசையருகே வந்தது. விரிப்பின் ஒரு மூலையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா போனை எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு மூலை அவர் தோளிலிருந்து நழுவி விழுந்தது. என் முனையை நான் பிடித்தபடியே நின்றேன்.

விசா அலுவல் முடியாமல் இருந்ததால் அவரால் போக முடியவில்லை. அதற்குப் பிறகு வாரக்கணக்காக அவருடைய சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமலே வீடு திரும்பியது. டாக்டர் இரத்தம் சோதித்து, ஒன்றுமில்லை என்றார். கதையும் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் தன் ஏப்ரனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"தம்பி, உள்ளுக்கை ஆள் இல்லை. நீதான் கண்டனி. நீ கூப்பிடு. என்ரை பேர் சொல்லிக் கூப்பிடு."

எனக்கு அவர் பெயர் தெரியாது.

மூன்று வருடம் 'அக்கா' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, அந்த மரியாதைக்குள்ளேயே பெயரைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். இனி எப்படிக் கேட்பது? கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு முதலாளி அண்ணையிடம் ஓடினேன். அவருடைய ஷிப்ட் தாளிலும் 'ஸ்பெயின் அக்கா' என்றே இருந்தது. "பேரோ? எட, அந்தப் பேப்பரெல்லாம் மனிசியின்ரை போனிலை. அவ ஊருக்குப் போய் நிக்கிறா. திங்கட்கிழமை கேட்டுச் சொல்லுறன். உனக்கேன் இப்ப, கலியாணம் பேசவோ?" என்றார்.

திரும்பி வந்தேன். அவர் கண்ணை மூடி அந்த மேசையருகே நின்றுகொண்டிருந்தார். ஏப்ரனை மேசையில் அடித்தேன். "அக்கா, வாங்கோ. இஞ்சை நிக்காதேங்கோ, வாங்கோ."

"ஓம் தம்பி?" என்று இஸ்திரி மெஷினடியிலிருந்து ஒரு குரல். "என்னடா, எரியுதோ?" என்று உலர்த்தியடியிலிருந்து இன்னொன்று. "வாறன், கத்தாதை!" கூடத்தில் இருந்த நாலு அக்காமாரும் வந்துவிட்டார்கள்.

அவர் கண்ணைத் திறந்தார். சிரித்தார், அத்தனை வாரத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. "எந்த அக்கா வாறது, தம்பி?" சிரிப்பு முடியும் இடம் தெரியாமலே அழுகையானது. உண்மையைச் சொல்லி, பெயரைக் கேட்க அதைவிட நல்ல கணம் கிடைத்திருக்காது. நான் ஏப்ரனை நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது மடிக்கத்தான்.

திங்கட்கிழமை முதலாளி மறந்துபோனார்; பத்து நாளில் அக்கா விசா அலுவலைப் பாதியில் விட்டுவிட்டு மட்ரிட்டிலுள்ள தங்கையிடம் போய்விட்டார். முதலாளியின் மனைவி திரும்பி வந்தபோது பெயரைக் கேட்டிருக்கலாம். ஆள் போனபிறகு கேட்க வெட்கமாக இருந்தது.

இப்போது பக்கத்துப் பகுதியான சட்டனில் ஒரு அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களுடைய பெயர்களைப் படிவங்களில் சரிபார்க்கிறேன். எழுத்துப் பிழை விடுவதில்லை. நோர்பரியில் எடுத்திருக்கும் வாடகை அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கட்டில் விரிப்பைத் தனியே மடிக்கிறேன். இரண்டு மூலைகளை நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையே இடுக்கிக்கொள்வேன். மற்ற இரண்டும் தரையில் கிடக்கும். 'அக்கா' என்று கூப்பிட வாய் வரும். திறந்தால் விரிப்பு விழுந்துவிடும்.