லாரியா, பூமியா

என் மாமா முப்பத்தோரு வருடம் பூமிக்குக் காகிதம் மாற்றினார். அவர் வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நில அதிர்வு நிலையத்தில் அட்டெண்டர். தெருவிலிருந்து பதினான்கு படி இறங்கினால் ஒரு சின்ன அறை. நடுவில் பாறைவரை இறங்கிய சிமெண்ட் தூண், அதன் மேல் கருவி. பக்கத்தில் ஓர் உருளை. அதில் சுற்றிய வெள்ளைக் காகிதத்தில் ஒரு மெல்லிய பேனா நாள் முழுக்கக் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். தினமும் காலை ஒன்பது மணிக்கு மாமா பழைய காகிதத்தைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சுற்றுவார். தூணைத் தரை தொடாது, யார் நடந்தாலும் கருவிக்குத் தெரியாது என்று ஆபீசர் சொல்லியிருந்தும் அவர் அந்த அறைக்குள் செருப்புப் போட்டதில்லை.

கூடவே இன்னொரு வேலையும் உண்டு. கோடு எங்காவது துள்ளியிருந்து, அது பூமியின் வேலை இல்லை என்று தெரிந்தால், காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் காரணம் எழுதவேண்டும். 'கதவு', 'இடி', 'மாடியில் பீரோ நகர்த்தல்.' பெரும்பாலும் 'லாரி.' பின் தெரு வழியாகத்தான் குவாரி லாரிகள் ஜல்லி ஏற்றிப் போகும், காலியாகத் திரும்பும். காலி லாரிதான் கோட்டை அதிகம் துள்ளவைக்கும் என்பார் மாமா. "குறைகுடம்தானே கூத்தாடும்." அவர் ஓரத்தில் எழுதிவிட்டால் ஆபீசர் அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

தெருவில் அவருக்கு 'பூமி டாக்டர்' என்று பெயர். அந்தக் காகிதம் ஈசிஜி மாதிரி இருப்பதால் வந்த பெயர்.

"என்ன டாக்டரே, பூமிக்கு இன்னிக்கு பிரஷர் எப்படி?" சலூன்காரர் தினமும் கேட்பார்.

"நார்மல். உன் கத்தியாலதான் ஊருக்கு ஆபத்து."

பூமி ஏன் ஆடுகிறது என்பதற்குத் தெருவில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. ஒரே பக்கமாக எத்தனை நாள் படுப்பது, புரண்டு படுக்கிறது என்பது சலூன்காரர் கட்சி. இஸ்திரிக்காரர் போர்வெல் கட்சி: "உள்ள இருந்த தண்ணியெல்லாம் உறிஞ்சியாச்சு. காலி டப்பா மேல ஏறி நின்னா நசுங்காம என்ன செய்யும்?" என் அம்மா, அதாவது மாமாவின் அக்கா, மாடியிலிருந்தே சொல்வாள்: "பொறுத்தார் பூமியாள்வார்ங்கிறோம். பூமியே பொறுக்கலைன்னா யாருடா ஆள்றது?"

மாமா ஆபீசரிடம் கேட்டதைச் சொல்வார். "பூமி முழுப் பந்து இல்ல. உடைஞ்ச தட்டுங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்ச மாதிரி. அதுங்க உரசுது."

"யாரு உடைச்சது?" என்பார் சலூன்காரர்.

"ஆபீசரைக் கேட்டுச் சொல்றேன்."

இத்தனை கட்சிகளும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. மாமாவின் கருவிக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும்.

"ஐயோ, அது நடந்ததை எழுதுறதுய்யா. நடக்கப்போறதை இல்ல."

"நீங்க அப்படித்தான் சொல்லணும். கவர்மெண்ட் ரகசியம்."

ஒரு புதன்கிழமை காலை பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பூமி ஆடியது. அம்மா ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுப்பவள். கடையின் முன்சுவர் சரிந்தது. அந்தக் கட்டடத்தில் இரண்டு பேர் இறந்தார்கள், ஒருவர் அம்மா. நான் வேறு ஊரில் கல்லூரி விடுதியில் இருந்தேன். அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டதால், அன்றிலிருந்து மாமாவும் அத்தையும்தான் எனக்கு வீடு.

"டாக்டருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சொந்த அக்காவையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்று தெருவில் பேசினார்கள். அதை மாமா தாங்கிக்கொண்டார். அவரைச் சாய்த்தது ஆபீசர் கேட்ட கேள்வி. அந்த வாரத்துக் காகிதங்களை எல்லாம் மேசையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆபீசர், செவ்வாய்க்கிழமைக் காகிதத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். மாலை மூன்று நாற்பது. கோடு கொஞ்சம் துள்ளியிருந்தது. ஓரத்தில் மாமாவின் எழுத்து: லாரி.

"இந்த லாரியைப் பார்த்தீங்களா?"

"சத்தம் கேட்டிருக்கும் சார்."

"கேட்டுச்சா, கேட்டிருக்குமா?"

அந்த நேரத்தில் லாரி வருவது வழக்கம், அதனால் மாமா எழுதியிருந்தார். ஆபீசர் நல்ல மனிதர். "இது பூமியாவே இருந்தாலும் யாராலும் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. இப்படிச் சின்னது நூறு வரும். தொண்ணூத்தொம்பதுக்குப் பின்னால ஒண்ணும் வராது" என்றார். காகிதத்தைச் சுருட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அது திரும்பி வரவேயில்லை.

இங்கேதான் மாமாவை எனக்குப் புரியாமல் போனது. கருவி எதையும் முன்னால் சொல்லாது என்று தெருவோடு சண்டை போட்டவர், இப்போது அது சொல்லியும் தான் அதன் வாயை மூடிவிட்டதாக நம்பினார். அந்தத் துள்ளலை நினைவிலிருந்து வரைந்து பார்ப்பார். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு நாள் ஊசி ஊசியாக வரைவார், அடுத்த நாள் உருண்டையாக. "இப்படித்தான் இருந்துச்சு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

பிறகு லாரியைத் தேடக் கிளம்பினார். குவாரி திருப்பத்து டீக்கடையில் போய் நின்று டிரைவர்களைக் கேட்டார்: "போன மாசம் செவ்வாய்க்கிழமை, பூகம்பத்துக்கு முந்தின நாள், மூணு நாற்பதுக்கு எங்க ஆபீஸ் பின்னால வந்தீங்களா?"

"அண்ணே, நேத்து எங்க போனேன்னு என் பொண்டாட்டி கேட்டாலே நான் முழிப்பேன்."

நான்கு மாதம் இப்படிப் போனது. சாப்பாடு குறைந்தது. அத்தை என்னைக் கூப்பிட்டு அழுதாள். விடுமுறைக்கு வந்தவள் நான், மாமாவுக்குத் தெரியாமல் அந்த டீக்கடைக்குப் போனேன். கட்டை மீசை வைத்த டிரைவர் ஒருவர் இருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாமா கேட்டா வந்தேன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. போதும்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே மிச்ச டீயைக் குடித்து முடித்தார். "சொல்றேம்மா" என்றார்.

மறுநாள் மாமாவுடன் நானும் போனேன்.

"ஆமாண்ணே. நான்தான் வந்தேன். அந்த நேரம்தான்."

மாமாவின் முகம் தெளிந்தது. அடுத்த நொடி கேட்டார்: "லோடா, காலியா?"

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. டிரைவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். "லோடுதாண்ணே" என்றார்.

மாமா தலையாட்டினார். டிரைவருக்கும் ஒரு டீ சொன்னார். அதற்குப் பிறகு எந்த டிரைவரையும் கேட்கவில்லை. அன்று இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதாக அத்தை சந்தோஷப்பட்டாள். தப்பித்தோம் என்று நானும் நினைத்தேன்.

ஆனால் அதன் பிறகு அவர் ஓரத்தில் 'லாரி' என்று எழுதவில்லை. கோடு துள்ளினால் பதினான்கு படியும் ஏறித் தெருவுக்கு ஓடுவார். லாரியைக் கண்ணால் பார்த்தால் வண்டி எண்ணோடு எழுதுவார். பார்க்காவிட்டால் ஒரு கேள்விக்குறி. ஆபீசரே அலுத்துப்போனார். "என்னய்யா இது, பூமியே ஒரு கேள்விக்குறியா?" மூட்டு வலி வந்த பிறகும் ஓடினார். காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்த வருடம் ஓய்வு பெற்றார். அந்த டிரைவரோடு மட்டும் பழக்கம் தொடர்ந்தது. வாரத்துக்கு ஒரு தடவை இருவரும் அதே கடையில் டீ குடிப்பார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் டிரைவரை நம்பினாரா, நம்பியதுபோல் எனக்காக இருந்தாரா என்பதும் தெரியாது.

போன மாதம் மாமா இறந்தார். காய்ச்சல், நாலு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். நேற்று மாலை அந்த டிரைவர் வீட்டுக்கு வந்தார். மீசை முழுக்க வெளுத்திருந்தது. வெளியூர் போயிருந்ததால் தகவல் தெரியவில்லை என்றார். அத்தை தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அன்னிக்கு நான் பொய் சொல்லல. நிஜமாவே அந்த நேரத்துக்கு அந்த வழியா வந்தேன். காலி வண்டி."

"லோடுன்னு சொன்னீங்களே."

"நீங்க வந்தேன்னு மட்டும் சொல்லச் சொன்னீங்க. அவர் திடீர்னு கேட்டதும், எதைச் சொன்னா அவர் மனசு ஆறும்னு தெரியல. உங்களைப் பார்த்தேன், நீங்க நிமிரல. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

"பதினோரு வருஷம்ணே. ஒரு நாள்கூட மாத்திச் சொல்லலையா?"

"மாத்திச் சொன்னா எது பொய்னு அவருக்கு எப்படிம்மா தெரியும்?"

இவர் சொல்வது உண்மையானால், நான் குறுக்கே வராமல் இருந்திருக்கவேண்டும். மாமா கேட்டிருப்பார், இவர் 'காலி வண்டி' என்றிருப்பார், அந்த மனிதர் அன்றே தூங்கியிருப்பார். நான் சொல்லச் சொன்ன பொய்தான் அந்த உண்மையைக் கெடுத்தது. உண்மை இல்லையானால்? காலி லாரிதான் துள்ளும் என்பதை மாமாவே டீக்கடையில் இவரிடம் சொல்லியிருக்கலாம். அப்படியானால், மாமாவுக்காக அன்று நான் இவரிடம் கேட்டதை இன்று யாரும் கேட்காமலே எனக்காகச் செய்கிறார்.

"காலி வண்டின்னா துள்ளும்னு மாமா உங்ககிட்ட சொன்னாராண்ணே?"

"அவர் என்னென்னமோ சொல்வாரும்மா" என்றார். "பூமியைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டார்." எழுந்து, மாமாவின் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

அத்தை உள்ளேயிருந்து வந்தாள். "என்ன சொல்றார்?"

"அன்னிக்கு அந்த வழியா வந்தது அவர்தான்னு சொல்றார் அத்தை."

"அதான் அப்பவே சொல்லிட்டாரே" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள் அத்தை.