விபூதி போட்ட பன்றி ரூபாய்

எனக்குக் காசுப் பைத்தியம் உண்டு. செலவழிக்கும் காசு அல்ல, பழைய காசு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, குரோம்பேட்டையில் வாடகை வீடு. ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் தலை போட்ட வெள்ளி ரூபாய்களை வருஷவாரியாக ஒரு ஆல்பத்தில் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய எல்லாம் சேர்ந்துவிட்டன. முதல் பக்கத்தின் முதல் இடம் மட்டும் காலி. யார் ஆல்பத்தைத் திறந்தாலும் "இங்க என்ன இல்ல?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த இடத்துக்கு உரியது 1911ஆம் வருஷத்து ரூபாய். பன்றி ரூபாய் என்போம். ராஜாவின் அங்கியில் குட்டி யானை ஒன்றைச் செதுக்கியவர்கள் துதிக்கையைக் குட்டையாக்கித் தொலைத்துவிட்டார்கள். பார்த்தவர்கள் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்தது. பன்றி போட்ட காசைத் தொடுவதா என்று ஜனங்கள் கொதித்துப்போக, அரசாங்கம் அதைத் திரும்ப வாங்கி உருக்கியது. தப்பிய ரூபாய்கள்தான் எங்களைப் போன்ற பைத்தியங்களிடம் வந்து சேர்ந்தன.

தாம்பரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன சங்கம் இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் கூடி ஏலம் விடுவோம். நான் ஒருத்திதான் பெண். ஆரம்பத்தில் "சார் வரலியா மேடம்?" என்று என் தலைக்குப் பின்னால் தேடினார்கள். கையில் வாங்கிய மறுநிமிஷம் இது நல்ல காசு, இது தேய்த்துக் கெடுத்த காசு என்று நான் சொல்வது பலித்துக்கொண்டே வரவும் தேடுவதை நிறுத்தினார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதனால் என்ன?

அந்தக் கண்ணே எனக்கு வினையாயிற்று. மேடவாக்கம் பக்கம் பரம்பரை நிலத்தை மனை போட்டு விற்ற ஒருவர் சங்கத்தில் சேர்ந்தார். தங்கமான மனிதர், எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுப்பார். ஆனால் ஏலத்தில் காசைப் பார்க்கவே மாட்டார், என் கையைத்தான் பார்ப்பார். நான் தூக்கினால் அவரும் தூக்குவார். நான் ஏறினால் அவரும் ஏறுவார், நான் இறங்கும்வரை விடமாட்டார். "மேடம் கை தூக்கிட்டாங்கன்னா கண்ண மூடிகினு வாங்கலாம்பா" என்று என் காதுபடவே சொல்வார்.

ஒரு தடவை பன்றி ரூபாய் ஏலத்துக்கு வந்தபோதும் இதே கதைதான். என் கையிருப்பு தீரும்வரை போனேன். அவர் சிரித்த முகமாக அதற்கு மேல் ஒரு பத்து ரூபாய் கூட்டிக் கேட்டு எடுத்துக்கொண்டார். திரும்பும்போது மின்சார ரயிலில் அழுதேன். கண் என்னுடையது, ஆல்பம் அவருடையதா? இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அடுத்த ஆடி மாதம் பெரிய ஏலம் வந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடம் சல்லிசாகக் கிடைக்கும். வெளியூர் ஆட்களும் வருவார்கள். ஊரெல்லாம் துணிக்கு ஆடித் தள்ளுபடி கொடுக்கும் நேரத்தில் எங்களுக்கு மட்டும் விலை ஏறும்.

அந்த முறை காஞ்சிபுரத்து வியாபாரி ஒருவர் இரண்டு பன்றி ரூபாய் கொண்டுவந்திருந்தார். ஏலத்துக்கு முன்னால் எல்லோரும் பார்ப்பதற்காக இரண்டையும் மேஜையில் வைத்தார்கள். ஒன்று பளபளவென்று கண்ணைப் பறித்தது. கூட்டமே அதைச் சுற்றித்தான் நின்றது. மற்றது கன்னங்கரேலென்று கிடந்தது. "அடுப்புல கெடந்தா மாதிரி கீது" என்றார் ஒருவர்.

நான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பளபளத்ததில் மயிரிழை போல வட்ட வட்டமாகக் கீறல். எழுத்துகளின் மூலையில் வெள்ளைத் துகள். எந்த மகராசியோ பூஜைச் சாமானோடு சேர்த்து விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறாள்! தேய்த்த தேய்ப்பில் பன்றி வெறும் மேடாகிப்போயிருந்தது. கறுத்த காசைச் சாய்த்துப் பிடித்தேன். கறுப்புக்கு அடியில் மூக்கு, காது, கால் எல்லாம் அச்சிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல் நின்றன. பிடிக்காததுபோல் முகத்தைச் சுளித்துக் காசைக் கீழே வைத்தேன்.

என் கணவர் ஏலத்துக்கு வருவது காபிக்காகவும் கடைசி வரிசையில் பேப்பர் படிப்பதற்காகவும்தான். அவரை ஓரமாகக் கூட்டிப்போனேன்.

"ஏங்க, முதல்ல பளபளன்னு ஒண்ணு வரும். அதுக்கு நான் கை தூக்குவேன். அடுத்து கறுப்பா ஒண்ணு வரும். அதுக்கு நீங்க தூக்கணும்."

"நல்லாருக்கிறத விட்டுட்டு கறுப்பையா?"

"கறுப்பைத்தான்."

"என்னவோம்மா, உன் காசு, உன் பாடு" என்று பேப்பரை விரித்தார்.

திட்டம் பிரமாதம்தான். ஆனால் ஏலம் விடுபவர், தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், திடீரென்று வரிசையை மாற்றினார். "ஜோரான சரக்கு கடைசியில வரட்டும்" என்று கறுப்பை முதலில் தூக்கிவிட்டார். திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் பேப்பர் இருந்தது, மனுஷரைக் காணோம். காபிக்குப் போய்விட்டார்.

"நூத்தம்பது. கேக்கறவங்க உண்டா?"

ஒரு கையும் எழவில்லை. மேடவாக்கத்துக்காரர் வழக்கம்போல என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூக்கினால் போச்சு, அவர் விடமாட்டார். தூக்காவிட்டாலும் போச்சு, காசு காஞ்சிபுரத்துக்கே திரும்பிவிடும். கொட்டாவி விடுவதுபோல் நடித்தேன். பைக்குள் இருந்த முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

"யாருமில்லியா? எடுத்து வெச்சுடட்டுமா?"

அப்போதுதான் இரண்டு கையிலும் காபி டம்ளரோடு என் கணவர் வாசலில் வந்து நின்றார். காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டம்ளரோடு சேர்த்து வலது கையைத் தூக்கிவிட்டார்! முன்னால் உட்கார்ந்திருந்தவர் தோளெல்லாம் காபி.

"சார், காபிக்கா காசுக்கா?"

"காசுக்குத்தான் சார், காசுக்குத்தான்!"

கூடமே சிரித்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு, "இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது!" என்றேன். அந்த நடிப்புக்கு எனக்கே பரிசு கொடுக்கலாம். மேடவாக்கத்துக்காரர் பரிதாபப்பட்டு, "வுடுங்க மேடம், சார் ஏதோ ஆசப்பட்டுட்டாரு" என்று ஆறுதல் சொன்னார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். ஆரம்ப விலைக்கே பன்றி என்னுடையதாயிற்று.

அதோடு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ரயில் பயணம் ஞாபகம் வந்தது. பளபளப்பு வந்ததும் என் கை தானாக மேலே போயிற்று. அவரும் தூக்கினார். இரண்டு பேர் மோதிக்கொண்டால் சும்மா இருக்கிறவர்களுக்கும் ஆசை வந்துவிடும். எங்கிருந்தோ இன்னும் இரண்டு பேர் புகுந்தார்கள், விலை மளமளவென்று ஏறியது. என் கைப்பையில் இல்லாத பணத்துக்கு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியாக நான் கேட்ட விலைக்கு அவர் தயங்கினார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

என் உயிர் என்னிடம் இல்லை. மாட்டினாயடி மகளே என்று நினைத்தபடி, அந்தக் காசை உலகத்திலேயே அழகானதைப் பார்ப்பதுபோல் ஏங்கிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கை தூக்கினார். கூடம் கை தட்டியது, நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கறுப்புக் காசைப் புரட்டிப் பார்த்து, "கொஞ்சம் விபூதி போட்டுத் தேய்ச்சா..." என்று ஆரம்பித்தார். "கையை ஒடிச்சிடுவேன்" என்று பூதக்கண்ணாடியை நீட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், "அடேயப்பா, பன்னியேதான்!" என்று கத்தினார். முதல் இடத்தில் காசை வைத்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது என் முதல் சம்பளத்தன்றுகூட வரவில்லை.

அடுத்த மாதம் மேடவாக்கத்துக்காரர் வந்த வேகத்திலேயே ஆரம்பித்தார்.

"எங்க வூட்ல பாத்த ஒடனே சொல்லிட்டாப்பா, இது விபூதி போட்டு தேச்சதுன்னு. அவ வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம குங்குமச் சிமிழ தேய்க்கிறவ ஆச்சே! மேடமே ஏமாந்துட்டாங்கபா. சார பாரு, கம்முனு கறுப்ப தூக்கிகினு பூட்டாரு. சார்தான் ஆளு!"

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுந்து நின்று உண்மையைக் கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன். அவர் பார்வை என் கணவருடைய வலது கையில் இருந்தது. அந்தக் கை அன்று முழுக்கப் பேப்பரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு எனக்குப் பிடித்த காசுக்கெல்லாம் தாராளமாகக் கை தூக்கினேன், எல்லாம் ஆரம்ப விலைக்கே எனக்கு வந்தன.